மெர்வின் கடைசிப் பாட்டில்

சலவை அறையில் 'டமார்' என்று சத்தம். நோலீன் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள். துவைத்து மடித்து வைத்திருந்த வெள்ளைப் போர்வை முழுக்கக் கறுப்பு பீரின் நுரை.

அவள் கணவன் மெர்வ் வீட்டில் காய்ச்சிய பீரில் மற்ற பாட்டில்கள் எல்லாம் இந்த வாரத்திலேயே வெடித்துத் தீர்ந்திருந்தன. மிஞ்சியிருந்தது இது ஒன்றுதான். இன்று ஊர்க் கண்காட்சியில் பீர் போட்டிக்குப் போக வேண்டிய பாட்டில்.

பீரை அடைக்கும்போது நுரை கட்டுவதற்காகப் பாட்டிலுக்கு ஒரு கரண்டி சர்க்கரை போடுவார்கள்; கூடிப்போனால் வாயு முட்டிப் பாட்டில் வெடித்துவிடும். ரேடியோவில் கிரிக்கெட் கேட்டபடியே போட்ட மெர்வ், போட்டதை மறந்து இன்னொரு முறையும் போட்டுத் தொலைத்திருந்தான்.

"என்ன சத்தம்?" குளியலறையிலிருந்து மெர்வ் கத்தினான்.

"ஒண்ணுமில்ல, வாளி விழுந்துடுச்சு. நீ குளி."

வருஷா வருஷம் முதல் பரிசான நீல ரிப்பன் பக்கத்து வீட்டு டெஸ்மண்டுக்குத்தான். "இந்தத் தடவையும் கிடைக்கலேன்னா காய்ச்சுறதையே விட்டுடறேன்" என்று மெர்வ் ஊர் முன்னால் சபதம் போட்டிருந்தான். விட்டால் சலவை அறை நோலீனுக்குத் திரும்பக் கிடைக்கும். அதற்காக அவள் எத்தனை வருஷமாய்க் காத்திருந்தாள்! ஆனால் மனசு கேட்கவில்லை. தோற்றால்கூடப் பரவாயில்லை, போட்டிக்கே போகாமல் நின்றால் மனுஷன் உடைந்துபோவான்.

வேலிக்கு ஓடினாள். "தெல்மா! உன் வீட்டுல கறுப்பு பீர் ஒரு பாட்டில் இருந்தா கொடேன். ஏன் எதுக்குன்னு கேக்காத."

டெஸ்மண்டின் மனைவி தெல்மா யோசித்தாள். "அவன் ஒவ்வொண்ணா எண்ணி வெச்சிருப்பானே... இரு, அலமாரிக்குப் பின்னால ஒண்ணு கிடக்கு. அதை எடுத்தா கண்டுக்க மாட்டான்."

தூசி படிந்த பழுப்புப் பாட்டில். மேலே பெயர்ச் சீட்டு கிடையாது, ஊரில் எல்லார் பாட்டிலும் அப்படித்தான். நோலீன் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். மெர்வ் தலை துவட்டிக்கொண்டே வந்து அதைக் காரில் ஏற்றினான்.

கண்காட்சிக் கொட்டகையில் டெஸ்மண்ட் சிரித்தான். "என்ன மச்சான், மேசை தாங்குமா? நான் வேணா தள்ளி நிக்கட்டுமா?"

"நில்லு, நில்லு. அழுறதுக்கு இடம் வேணுமில்ல?" என்றான் மெர்வ்.

நடுவர் அம்மாள் ஊற்றி, முகர்ந்து, வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மூடியவர் திறக்கவே இல்லை.

"உலர்ந்த திராட்சை வாசனை... கருகின சர்க்கரைப் பாகு... தொண்டையில இறங்கினதும் கதகதன்னு ஒரு சூடு. வருஷக்கணக்கா ஊற வெச்சாதான் இப்படி வரும். இவ்வளவு பொறுமைசாலி யாருப்பா?"

ஒரு மாசம்கூடப் பொறுக்காத மெர்வ் கையைத் தூக்கினான்.

நீல ரிப்பன்! டெஸ்மண்டுக்கு முதல்முறையாக இரண்டாம் இடம். அவன் ஒரு வாய் குடித்துப் பார்த்தான். முகம் தொங்கிப்போனது. "என்னால இப்படிக் காய்ச்ச முடியாது மச்சான்" என்று மெர்வின் கையைப் பிடித்துக்கொண்டான். நோலீனால் அந்தக் கண்களைப் பார்க்கவே முடியவில்லை. தன் பீரிடமே தோற்றுப்போய், தாராளமாக வேறு பாராட்டுகிறானே, பாவி!

மெர்வ் அதற்குள் பாடம் நடத்த ஆரம்பித்திருந்தான். "சர்க்கரை விஷயத்துல கஞ்சத்தனம் கூடாது, புரியுதா?" நாலு பேர் தலையாட்டினார்கள்.

"அடுத்த மாசம் ஹோபார்ட் நகரத்துல பெரிய போட்டி. இதே பீர்ல ஆறு பாட்டில் கொண்டு வாங்க" என்றார் நடுவர்.

"ஆறென்ன, அறுபது கொண்டு வர்றேன்! நோலீன், சலவை அறை பத்தாது. வரவேற்பறையையும் காலி பண்ணிடுவோம்!"

நோலீன் தெல்மாவைத் தேநீர்க் கூடாரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். கண் கலங்கிவிட்டது.

"என்னால தாங்க முடியலடி. வெடிச்ச பாட்டிலுக்குப் பதிலா நீ கொடுத்ததைத்தான் வெச்சேன். போய் உண்மையச் சொல்லிடறேன். அது உன் வீட்டுக்காரன் காய்ச்சினது, ரிப்பன் அவனுக்குத்தான் சேரணும்."

தெல்மா வாயிலிருந்த கேக்கை அவசரமாக விழுங்கினாள்.

"ஐயையோ, சொல்லித் தொலைக்காத! அது நாலு வருஷத்துக்கு முன்னாடி கிறிஸ்மஸுக்கு மெர்வ் எங்களுக்குக் கொடுத்த பாட்டில். வெடிச்சிடுமோன்னு பயந்து டெஸ்மண்ட் அதைத் தொடவே இல்ல."