பாஸ்வேர்டு கேட்ட ஜாடி

எதிரி நாட்டான் ஊருக்குள் வந்துவிட்டானாம்! துப்பாக்கியோடு அல்ல, இன்டர்நெட் கம்பி வழியாக. ஒரே ஒரு காலைப் பொழுது ஏ.டி.எம். படுத்துவிட்டது, சிக்னலில் எல்லா நிறமும் சேர்ந்து எரிந்தது, செல்போன்கள் செங்கல்லாகிவிட்டன. அவ்வளவுதான், ஊரே கதிகலங்கிப் போனது. சொந்த மனைவியின் நம்பர் தெரியாத கணவன்மார்கள் தெருவில் நின்று திருதிருவென்று விழித்தார்கள்.

பயம் வந்தால் பின்னாலேயே சாமியார் வர வேண்டாமா? வந்தார் ஜாடிச் சாமி. போன வருஷம் வரை செல்போன் உறை விற்றவர். இப்போது வாடகை மண்டபத்தில் செம்பு ஜாடியோடு அருள்பாலிக்கிறார். உங்கள் பாஸ்வேர்டை ஜாடியின் வாயில் சொல்ல வேண்டும். சாமி மூடியைப் போட்டு மந்திரம் ஓதுவார். அப்புறம் எந்த எதிரியும் உங்கள் கணக்கைத் தொட முடியாது! வரிசை தெருமுனையைத் தாண்டி நின்றது. வக்கீல், வங்கி மேனேஜர், கம்ப்யூட்டர் வாத்தியார்... ஆமாம், கம்ப்யூட்டர் வாத்தியாரும்தான்!

குடிநீர் இன்ஜினியரும் நின்றார். ஊர் முழுக்கத் தண்ணீரைத் திறந்து மூடுவது அவருடைய ஆபீஸ் கம்ப்யூட்டர். அதன் பாஸ்வேர்டு அவருக்கு மட்டும்தான் தெரியும். அது எதிரி கைக்குப் போனால் ஊர்க் குழாயும் போச்சு, அவர் வேலையும் போச்சு. மனிதருக்குத் தூக்கமே இல்லை.

கூட வந்த அக்கா பல் டாக்டர். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"டேய், பாஸ்வேர்டை யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு உங்க ஆபீஸ்ல ரூல் இல்லையா?"

"இருக்குக்கா. ஜாடி என்ன மனுஷனா?"

"உன்னை இன்ஜினியர்னு வெளியில சொல்லிடாதே!"

"உனக்கு எல்லாம் விளையாட்டு. எவனாவது உள்ள புகுந்து குளோரினைக் கூட்டிவிட்டா? ஊரே குடிக்கிற தண்ணிக்கா அது."

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"தள்ளு. முதல்ல நான் சொல்றேன்," என்று முன்னால் போனாள்.

"வாம்மா," என்றார் சாமி. "வாய்க்கிட்ட குனிஞ்சு தெளிவாச் சொல்லு."

"தெளிவாவா? ஜாடிக்குக் காது மந்தமா சாமி?"

"பக்தி வேணும் தாயி, கேள்வி கூடாது."

நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் கையை விட்டுக்கொண்டிருப்பவள் அவள். அதனால் போன் போடுவதும் எடுப்பதும் எல்லாம் போனுக்கு வாயால் உத்தரவு போட்டுத்தான். குனிந்தாள். போனை எழுப்பும் வார்த்தையைச் சொல்லி, "பாட்டு போடு, சத்தமா!" என்றாள்.

"இதோ, உங்களுக்காக," என்றது ஜாடி, தேன் குரலில். அடுத்த நொடி ஒரு குத்துப் பாட்டு மண்டபத்தையே அதிர வைத்தது.

கூட்டம் என்ன செய்தது? "ஜாடி பேசுது! ஜாடி பேசுது!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அக்கா ஜாடியைக் கவிழ்த்தாள். பஞ்சு சுற்றிய செல்போன் ஒன்று தொப்பென்று விழுந்தது. பாட்டை நிறுத்திவிட்டு, அதில் பதிவாகியிருந்த ஒன்றைத் தட்டிவிட்டாள். வங்கி மேனேஜரின் குரல் கணீரென்று கேட்டது: "மாமியார் ஒழிக, ஒண்ணு ரெண்டு மூணு."

மாமியார் பின்னாலேயே நின்றிருந்தார். அந்தக் கதை வேண்டாம், விடுங்கள்.

நழுவப் பார்த்த சாமியின் காவியை வக்கீல் எட்டிப் பிடித்தார். "இதையெல்லாம் யாருக்குடா விக்கறே?"

"யார் கேட்டாலும் குடுப்பேன் சார். எந்த நாட்டான்னு நான் பார்க்கிறதில்லை."

இன்ஜினியர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அக்கா, நீ மட்டும் முன்னால போகலைன்னா, ஊர்த் தண்ணிய நானே தூக்கிக் குடுத்திருப்பேனே!" என்று குழந்தை போல அழுதார்.

எதிரி நாட்டான் பாவம், கண் முழித்துப் பூட்டை உடைக்கப் பார்க்கிறான். நம்மவர்களோ வரிசையில் நின்று சாவியைக் கொடுத்துக் கும்பிடும் போடுகிறார்கள். மூளைக்கு நெட் வேண்டாம், சார்ஜும் வேண்டாம். கொஞ்சம் போட்டுத்தான் பாருங்களேன், அதுவும் வேலை செய்யும்!