மேலாளருக்காக இளைப்பாறியவர்

உழைப்பை மனித குலம் கண்டுபிடித்தது. இளைப்பாறுவதை ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவு கண்டுபிடித்தது. அது நாலாவது மாடியா, ஐந்தாவதா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. மகத்தான கண்டுபிடிப்புகளில் மாடி முக்கியமில்லை.

அந்தப் பிரிவின் மேலாளருக்கு மருத்துவர் ஓய்வு எழுதிக் கொடுத்திருந்தார். அதற்காக அவர் கைபேசியில் ஒரு பால்பண்ணை விளையாட்டை இறக்கிக்கொண்டார். மாடுகளைக் குளிப்பாட்டி, பால் கறந்து, சாணி அள்ள வேண்டும். ஒரு நாள் விட்டாலும் மாடுகள் இளைத்துவிடும். மேலாளருக்கு இளைப்பாற நேரமேது? பொறுப்புகளைப் பகிர்ந்தளிப்பதில் வல்லவரான அவர், கைபேசியைக் குமாஸ்தாவிடம் நீட்டினார்.

"கொஞ்சம் எனக்காக ரிலாக்ஸ் பண்ணுங்க. சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடணும்."

குமாஸ்தா மனந்தளராமல் இளைப்பாறினார். சாணி அள்ளி அள்ளிக் கட்டைவிரல் வீங்கியது. மேலாளரின் ரத்த அழுத்தம் இறங்கிற்று, குமாஸ்தாவுக்கு ஏறிற்று. வீட்டில் ஏழு வயது மகள் வாசலிலேயே மறித்துக்கொள்வாள்.

"அப்பா, கண்ணாமூச்சி ஆட வர்றியா?"

"விளையாடி விளையாடி உடம்பு அசந்து போச்சும்மா. நாளைக்கு."

"யார் வீட்டு மாட்டுக்கோ சாணி அள்ளத் தெம்பிருக்கு," என்பாள் மனைவி உள்ளேயிருந்து. "பெத்த பொண்ணைத் தேடத்தான் இல்ல."

அது சுருக்கென்று தைத்தது. மறுநாள் துணிந்து மேலாளரின் அறைக்குள் போனார்.

"சார், சனிக்கிழமை லீவு வேணும்."

"எதுக்கு?"

"பொண்ணோட விளையாட."

மேலாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆபீஸ்ல முழு நேரமும் விளையாடுறீங்க. லீவு போட்டும் விளையாடணுமா? பேராசையா தெரியலயா உங்களுக்கு?"

குமாஸ்தாவுக்கும் அது பேராசையாகத்தான் பட்டது. ஆனால் மேலாளர் இரக்கமுள்ளவர்.

"சரி, எடுத்துக்கங்க. மாடுங்களையும் கூட்டிட்டுப் போங்க."

சனிக்கிழமை மகள் அலமாரிக்குள் ஒளிந்தாள். குமாஸ்தா பத்து எண்ணி முடிப்பதற்குள் கைபேசி அலறியது. ஒரு மாடு கன்று போட்டுக்கொண்டிருந்தது; பிரசவம் சிக்கலானது. வெகுநேரம் கழித்து மகளே தலையெல்லாம் தூசியோடு வந்து நின்றாள்.

"நானே என்னைக் கண்டுபிடிச்சிட்டேன்ப்பா."

"இரும்மா, இப்பத்தான் தலை தெரியுது," என்றார் அவர், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

பிறகு நடந்தது இதுதான். மேலாளர் 'வேலைக்கும் வாழ்வுக்கும் சமநிலை கண்டவர்' என்று விருது வாங்கித் தலைமை அலுவலகத்துக்கு உயர்ந்தார். மாடுகளும் உடன் போயின. அங்கே இரண்டு குமாஸ்தாக்கள் கறக்கிறார்கள். புதிதாக வந்த மேலாளர் நம் குமாஸ்தாவை 'அலுவலக நேரத்தில் விளையாடிய குற்றத்துக்காக' வேலையை விட்டு நீக்கினார். மனைவி இப்போது துணிக்கடையில் நிற்கிறாள். மகள் மட்டும் அந்தக் குற்றச்சாட்டை இன்றுவரை நம்பவில்லை.

"எங்க அப்பாவா?" என்கிறாள். "அவருக்கு விளையாடவே தெரியாதே."