தெஃப்ரி வாங்கிய வட்டியில்லா பைக்

"இன்னியிலேருந்து நம்ம வீட்டுக்குள்ள வட்டி நுழையாது. இஸ்லாமிய வங்கிக்கு மாறப்போறோம்" என்று தெஃப்ரி காலைச் சாப்பாட்டில் அறிவித்தான். இந்தோனேசியாவின் பாடாங் நகரத்தில் இருபத்தெட்டு வயதுக்காரன் ஒருவன் வங்கியைப் பற்றி இவ்வளவு பக்தியோடு பேசினால் சந்தேகப்பட வேண்டும். அவன் மனைவி ரஹ்மி சந்தேகப்பட்டாள். காட்டிக்கொள்ளாமல் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

விஷயம் வேறொன்றுமில்லை, ஒரு சிவப்பு பைக். கடையிலேயே தவணைக்குக் கிடைக்கும், ஆனால் வட்டி உண்டு. "வட்டிக்கு வாங்கின வண்டி என் வாசல்ல நிக்கக் கூடாது" என்று ரஹ்மி போன மாதமே சொல்லிவிட்டாள். வாசல் அவளுடையதுதான். அந்த ஊரில் வீடு பெண்வழிச் சொத்து. மாப்பிள்ளை நல்ல பேர் வாங்கிக்கொண்டு குடியிருக்க வேண்டியதுதான்.

அதனால் ஒரு திட்டம் போட்டான். ரஹ்மியின் கேக் வியாபாரத்துக்கு அடுப்பு வாங்கவென்று இஸ்லாமிய வங்கியில் பணம் கேட்பது. கைக்கு வந்ததும் பைக் கடைக்கு ஓடுவது.

"பேர்தான் வேற, மத்தபடி எல்லா பேங்கும் ஒண்ணுதான்னு சொல்லுவீங்களே?" என்றாள் ரஹ்மி.

"அது அப்போ."

"போன வாரம்கூடச் சொன்னீங்க."

"மனுஷன் திருந்தவே கூடாதா?"

எங்கே திருந்தினான்? இவன் வயசுப் பையன்கள் எல்லோருமே இப்படித்தான். பிஸ்கட் வாங்கினால்கூட ஹலால் முத்திரையைத் தேடுவான்கள். பணத்தை மட்டும் எந்த வங்கி காபிக்குத் தள்ளுபடி தருகிறதோ அங்கே போடுவான்கள். கேட்டால், இஸ்லாமிய வங்கியில் வட்டியை லாபம் என்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம் என்பான்கள். ஒருத்தனாவது உள்ளே போய் விசாரித்தானா? எரிச்சலாக வருகிறது.

வங்கியில் அதிகாரி பொறுமையாக ஆரம்பித்தார். "சார், இந்த ஏற்பாட்டுல நாங்க முதல்ல..."

"தெரியும், தெரியும். எங்க கையெழுத்து போடணும்?"

"படிச்சுட்டுப் போடுங்களேன்" என்றாள் ரஹ்மி.

"நீ சும்மா இரு. எல்லா எடத்துலயும் இதே காகிதம்தான்."

"என்ன அடுப்புன்னு கேட்டிருக்காங்க."

"பெரிசா ஏதாவது எழுதிவிடு."

பெரிசாகவே எழுதினாள்.

நாலாம் நாள் வாசலில் லாரி வந்து நின்றது. ஆளுயர அடுப்பு ஒன்றை நாலு பேர் மூச்சு வாங்க இறக்கினார்கள். தெஃப்ரி அதிகாரிக்கு போன் போட்டான்.

"சார், பணம் எங்கே?"

"பணமா? நாங்க பணமா தர்றதில்லையே சார். நீங்க கேட்ட பொருளை நாங்களே வாங்கி, எங்க லாபத்தைச் சேர்த்து உங்களுக்கு விக்கிறோம். அதுதானே ஒப்பந்தம். தவணையை உங்க சம்பளத்துலேருந்து பிடிச்சுக்குவோம். உங்க மிஸஸ் மூணு மாசம் முன்னாடியே வந்து எல்லாம் கேட்டுட்டுப் போனாங்களே."

தெஃப்ரி போனை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தான்.

"இந்தப் பணம் பைக்குக்குத்தான்னு உனக்குத் தெரியுமா?"

"பைக் விளம்பரத்தைச் சட்டைப் பையிலேயே வச்சுத் துவைக்கப் போட்டா, தெரியாமலா போகும்?"

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள் ரஹ்மி, அடுப்புக் கதவைத் திறந்து உள்ளே பார்த்தபடி. "ஃபாரத்துல பைக்னு எழுதியிருந்தா பைக்கையே வாங்கிட்டு வந்து நிறுத்தியிருப்பாங்க."