பூநாரைகளும் என் தொண்டையும்

விசைத்தறிக்காரர் வீட்டில் ரகசியம் தங்காது. ஆந்திர எல்லை ஊரான நகரியில் எங்கள் வீட்டு முன்னறையிலேயே தறிகள் ஓடும். அம்மா உப்பு கேட்டால் பக்கத்து வீட்டிலிருந்து வந்துவிடும். அப்படியொரு தொண்டை எங்களுக்கு.

குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். படிப்போடு மெதுவாகப் பேசவும் கற்றுக்கொண்டேன். (அப்படித்தான் நினைத்திருந்தேன்.) திருப்பதியில் வேலை கிடைத்ததும் நைனாவுக்குப் பூநாரைகளைக் காட்டிவிட வேண்டும் என்று ஒரே ஆசை. அறுந்த நூலைத் தேடியே பழகிய கண்கள் அவருடையவை. பழவேற்காடு ஏரிக்குள் ஒரு சின்னத் தீவு இருந்தது. பறவைகள் உண்டு, பழைய கல் மண்டபம் உண்டு, வண்டி வாகனம் மட்டும் கிடையாது.

படகை விட்டு இறங்கியதும் அம்மா நாலாபக்கமும் பார்த்தாள்.

"ஆட்டோ எங்கடி?"

"இங்க வண்டியே கிடையாதும்மா. அதான் விசேஷம்."

"வண்டியில்லாத ஊரப் பாக்கவா பஸ்ஸு, ரயிலு, படகுன்னு இட்டாந்த?"

மேய்ந்துகொண்டிருந்த ஆடு திரும்பிப் பார்த்தது.

"கத்தாதம்மா! பறவைங்க பறந்துடும். இன்னிக்கி எல்லாரும் மெதுவாத்தான் பேசணும்."

மண்டபத்தில் தூணுக்குத் தூண் நின்று கிசுகிசுப்பாகச் சரித்திரப் பாடம் நடத்தினேன். நைனா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். (இவ்வளவு நல்ல மாணவர் எந்த வாத்தியாருக்கும் கிடைத்திருக்கமாட்டார்.) அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே நடந்தாள்.

மண்டபத்தைத் தாண்டினால், ஆழமில்லாத தண்ணீரில் கூட்டமாகப் பூநாரைகள். புதரோரம் ஒருவர் பெரிய கேமராவோடு குப்புறப் படுத்திருந்தார். முன்னால் போன நைனாவோ எதிர்ப்பக்கம் நின்ற எருமையை ரசித்துக்கொண்டிருந்தார்.

"நைனா," என்றேன் மெதுவாக. திரும்பவில்லை.

"நைனா..."

எருமையையே பார்த்தார். அதற்குள் இரண்டு பறவைகள் சிறகை விரித்தன. இவ்வளவு தூரம் வந்து எருமையைப் பார்த்துவிட்டா திரும்பப் போகிறார்? என் படிப்பெல்லாம் எங்கோ போய்விட்டது.

"நைனோவ்! அந்தாண்ட பாரு நைனா!"

எல்லாத் தறியும் ஓடும்போது கூப்பிடுகிற குரல் அது. மொத்தக் கூட்டமும் எழும்பியது. வெள்ளையாக நின்றவற்றின் சிறகுக்குள்ளே அத்தனை சிவப்பு! நைனா அண்ணாந்து, வாய் திறந்தபடி, வானத்தோடு சேர்ந்து சுற்றினார்.

கேமராக்காரர் எழுந்து என்னை முறைத்தார். நைனா நேராக அவரிடம் போய், "மா அம்மாயி சார், டிகிரி சதிவிந்தி" என்று தெலுங்கில் அறிமுகம் செய்துவைத்தார். எங்கள் பெண், டிகிரி படித்தவள் என்று! ஏரியில் குதித்துவிடலாமா என்று பார்த்தேன். (முழங்கால் அளவுத் தண்ணீர்தான்.)

திரும்பும்போது படகில், "மண்டபம் புடிச்சிருந்துச்சா நைனா?" என்று மெதுவாகக் கேட்டேன். தலையாட்டினார். அம்மா சிரித்துவிட்டாள்.

"தறிச் சத்தத்துல பாதிக் காது போன மனுசன்கிட்ட காலைலருந்து குசுகுசுன்னு பேசிக்கினு வர்றியே!"

எல்லோரும் கத்துகிற வீட்டில் எனக்கு அது தெரியவே இல்லை.

நைனா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணு கேட்டுச்சும்மா. அந்தாண்ட பாருன்ன. பாத்துட்டேன்."

இப்போதும் அலுவலகத்திலிருந்து போன் செய்து தணிந்த குரலில் பேசினால், தறிச் சத்தத்துக்கு மேலே நைனா கேட்பார்: "இன்னாம்மா, தீவுல கீறியா?"

உடனே கத்துவேன். அலுவலகமே திரும்பிப் பார்க்கும். பார்க்கட்டும்.