ரோமாபுரி அண்ணையின் சாமி

பாரிஸுக்கு வந்த தமிழர்களில் ரோமச் சக்கரவர்த்தி ஒருவருக்குக் கற்பூரம் காட்டியவர் ஒரே ஒருவர்தான். அந்த மகானோடு ஒரே அறையில் படுத்து எழும்பிய பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அவருடைய சொந்தப் பெயர் இன்று யாருக்கும் ஞாபகமில்லை. பாரிஸின் லா சப்பல் பகுதித் தமிழருக்கு அவர் ரோமாபுரி அண்ணை.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஐந்தாம் மாடியில் ஓர் அறை, அதற்குள் ஆறு பேர். எல்லோருக்கும் அகதிக் கேஸ் நடந்துகொண்டிருந்தது. அண்ணை ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். ஊரில் ஓர் இயக்கத்தில் சேர்ந்துவிட்ட தம்பியைப் பற்றிய கவலை ஒன்றுதான் அவருக்கு. அகதியாக ஏற்றுக்கொண்டு வதிவிட கார்ட் கொடுத்தால் எப்படியாவது அவனை இங்கே இழுத்துவிடலாம். அதற்காக அவர் வேண்டாத தெய்வமில்லை. ஒன்றும் அசையவில்லை.

ஒருநாள் பாரிஸின் ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையப் பக்கம் யாரோ வீடு காலி செய்து தெருவில் வைத்த சாமான்களுக்கு நடுவே ஒரு தலை கிடந்தது. வெள்ளைச் சாந்தில் செய்த தலை. சுருட்டை முடி, குட்டித் தாடி, வரிசையில் யாரோ இடையில் புகுந்துவிட்டதைப் பார்த்ததுபோல ஒரு முறைப்பு. அண்ணை அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். கீழ்த்தளத்தில் இருந்த புதுச்சேரிப் பெரியவர், பிரெஞ்சு அரசாங்க வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், படியில் மறித்தார்.

"அட, கரகல்லா! ரோமாபுரிச் சக்கரவர்த்தியாச்சே! எங்கேருந்து தம்பி புடிச்சாந்தீங்க?"

"ஆர் அய்யா இது? பெரிய ஆளோ?"

"என்னா அப்படிக் கேட்டுட்டீங்க! அந்தக் காலத்துல சக்கரவர்த்திய சாமின்னு கும்புட்டாங்க. கோயில் கட்டி, சாம்பிராணி போட்டு, வைன் ஊத்தி. இவரு ஒரே ஒரு உத்தரவு போட்டாரு. அடிமைங்களத் தவிர சாம்ராஜ்யத்துல இருந்த அத்தனை பேருக்கும் குடியுரிமை!"

அண்ணை தலையை மெல்ல இறக்கி வைத்தார்.

"அத்தனை பேருக்குமோ? விசாரணை வைக்கேல்லையோ?"

"இல்லியே."

"அப்ப வரிசை?"

"வரிசையும் கிடையாது. ஒரே கையெழுத்து."

அண்ணை அந்தப் படியிலேயே சப்பாத்தைக் கழற்றினார்.

அன்று முதல் ஃபிரிட்ஜின் மேல் முருகனுக்குப் பக்கத்தில் கரகல்லா குடியேறினார். திருநீறு பூசியதும் அசல் கணக்கு வாத்தியார். ரோமர் வைன் ஊற்றினார்கள் என்பதால், குடிப்பழக்கமே இல்லாத அண்ணை இருப்பதிலேயே மலிவான போத்தலை வாங்கி ஒரு மூடியளவு படைப்பார். மிச்சம் பிரசாதம். அறையில் பக்தி திடீரென்று பெருகியதற்கு வேறு காரணம் தேடவேண்டாம்.

அறையிலிருந்த பாசையூர் சூசை மட்டும் கிட்டவே வரவில்லை. அவன் ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவன்.

"சக்கரவர்த்திக்குச் சாம்பிராணி போடமாட்டம் எண்டுதானே அண்ணை எங்கடை புனிதர்கள் சிங்கத்தின்ரை வாய்க்குள்ளை போனவை."

"அடேய், சிங்கத்திட்டைப் போறது சுகம். நீ கார்ட் குடுக்கிற பிரிஃபெக்சர் கந்தோருக்கெல்லோ போகோணும்!"

சூசையின் விசாரணைக்கு முதல்நாள் அவன் ஃபிரிட்ஜைச் சுற்றிச் சுற்றி வந்தான். கடைசியில் அண்ணையின் காதருகே குனிந்தான். "நான் கும்பிடமாட்டன். ஆனா நாளைக்கு எனக்கு விசாரணை எண்டு நீங்கள் அவரிட்டை ஒருக்காச் சொல்லிவிடுங்கோ."

சக்கரவர்த்தி முதலில் அண்ணைக்குத்தான் கண் திறந்தார். கார்ட் கிடைத்துவிட்டது. அவ்வளவுதான், எபினே, பியர்ஃபித் என்று புறநகர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் படியேறத் தொடங்கினார்கள். ஒருவர் வாசலில் தேங்காய் உடைக்க, கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் பிரெஞ்சுப் பெண்மணி பொலிஸைக் கூப்பிடப் போனார். அண்ணை எதற்கும் அசையவில்லை. சக்கரவர்த்தியைப் போலவே குட்டித் தாடி வளர்த்து, அதே முறைப்போடு திருநீறு கொடுத்தார். நாங்கள் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துச் சிரிப்போம்.

பிறகு தம்பியும் வரச் சம்மதித்துவிட்டான். கொழும்பு வரை வந்து சேர்ந்தால் மிச்சத்தை அண்ணை பார்த்துக்கொள்வார். ஒரு தட்டு லட்டுடன் என்னையும் கூட்டிக்கொண்டு பெரியவரிடம் நன்றி சொல்லப் போனார். பெரியவர் லட்டைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, சும்மா இருந்திருக்கலாம்.

"குடியுரிமை குடுத்தானே தவிர, பொல்லாதவன் தம்பி. கூடப் பொறந்த தம்பியையே கொன்னுட்டான். அம்மா மடியில ஒளிஞ்ச புள்ளைய! அதோட விட்டானா? தம்பி பேரு, தம்பி மொகம் எதுவும் எங்கயும் இருக்கக்கூடாதுன்னு கல்லுலேருந்து செதுக்கி எடுக்க வச்சான்."

"இதை ஏன் அய்யா முதலே சொல்லேல்லை?"

"நீங்க குடியுரிமையப் பத்தித்தானே கேட்டீங்க?"

அண்ணை மேலே வந்து கரகல்லாவின் மீது துவாயைப் போட்டு மூடினார். அடுத்த கிழமை விசாரணைக்குப் போகவேண்டிய ஒருவர் கெஞ்சினார். "அண்ணை, துவாயை ஒருக்கா விலத்துங்கோவன். ஒரு நிமிசம்."

"தம்பியைக் கொன்றவனிட்டையோ நான் என்ரை தம்பியைக் கேட்டனான்?" என்றார் அண்ணை. அதை எங்களிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

சில நாட்களில் செய்தி வந்தது. தம்பி ஊரை விட்டே புறப்படவில்லை; அதற்குள் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். சுட்டது இராணுவம் இல்லை, இன்னோர் இயக்கம். அதுவும் தமிழ்ப் பெடியள்தான்.

தான் பூசை செய்ததால்தானா, பூசையை நிறுத்தியதால்தானா என்று அண்ணை மாறி மாறிக் கேட்டார். அது வெறும் சாந்துத் தலை என்று சொன்னோம். அவர் காதில் விழவில்லை.

தம்பியின் படத்தை ஒட்டி, கையால் இரண்டு வரி எழுதி, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் போட்டோக்கொப்பி எடுத்தார். லா சப்பலில் அப்போதுதான் முளைத்திருந்த தமிழ்க் கடைகளுக்கு நானும் கூடப் போனேன். எல்லாக் கடையிலும் தேத்தண்ணி தந்தார்கள், கையைப் பிடித்துக்கொண்டார்கள், ஒருவர் அழவும் செய்தார். ஆனால் நோட்டீஸை ஒட்ட ஒருவரும் விடவில்லை. "பிரச்சினை வரும் அண்ணை. குறை நினையாதேங்கோ." எந்த இயக்கம் யாரைச் சுட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது; சுட்ட இயக்கத்தின் ஆட்கள் இங்கேயும் இருந்தார்கள். அண்ணை யாரையும் குறை சொல்லவில்லை. நோட்டீஸ் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் பக்கத்தில் நடந்து வந்தார்.

அறைக்கு வந்ததும் கரகல்லாவைத் துவாயோடு தூக்கிக் கொண்டுபோய்ப் பெரியவரிடம் ஒப்படைத்தார். வெறுமையான அந்த இடத்தில் ஒரு நோட்டீஸை நிறுத்தினார். படத்தில் தம்பி பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். பழக்கதோஷத்தில் நான் கற்பூரத்தை எடுத்தேன். அண்ணை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாமடா. செத்தவனைச் சாமியாக்கினது போதும். இவன் தம்பியாவே இருக்கட்டும்."

பிறகு அண்ணை லா சப்பலை விட்டுப் போய்விட்டார். எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எங்களையெல்லாம் 'டேய்' என்றுதான் கூப்பிடுவார். தம்பி என்ற சொல்லை ஒருவனுக்காகவே வைத்திருந்தார் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது. ஒரே ஒருமுறையாவது என்னையும் தம்பி என்று கூப்பிட்டிருக்கலாம்.