கட்டாரிலிருந்து வந்த அழைப்பு

குசினி மேசையில் கிடந்த போன் மறுபடியும் அதிர்ந்தது. சுகிர்தன் பாய்ந்து வருவதற்குள் மனைவி பிரஷாந்தினி எடுத்துவிட்டாள்.

"ஆரோ கொழும்பில இருந்து. உங்களைத்தான் கேட்கினம். ஆரப்பா?"

மோட்டார் சைக்கிளைத் திருத்த, போன் செயலி ஒன்றில் அவன் எடுத்த கடனுக்கான அழைப்பு அது. பதினையாயிரம் என்றார்கள். கட்டணம் கழித்துக் கையில் வந்தது பன்னிரண்டு. இரண்டு கிழமையில் கட்டச் சொன்னதோ இருபது. அதைக் கட்ட இன்னொரு செயலியில் எடுத்தான். இப்போது இரண்டு இடத்தாரும் மாறிமாறி அழைக்கிறார்கள்.

"ஏஜென்சிக்காரர்," என்றான், வாயில் வந்ததை. "கட்டாருக்கு ஆள் எடுக்கினம்."

அவள் முகம் மலர்ந்த விதத்தில், உண்மையைச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

பின்னேரத்துக்குள் புளியங்குளத்து மாமியாருக்குச் செய்தி போனது. மறுநாள் ஓமந்தைச் சந்தித் தேத்தண்ணிக் கடைக்காரர் காசு வாங்க மறுத்தார்.

"வெளிநாட்டால வந்து தாரும், தம்பி."

சுகிர்தன் மகிழ்ந்தான். அந்த மகிழ்ச்சி, அவன் வேலை செய்த ஹாட்வெயார் கடை வாசல் வரைக்கும்தான். அவனுடைய இடத்தில் புது ஆள் ஒருவன் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தான்.

"சொல்லாமல் போக இருந்தனீரோ?" என்றார் முதலாளி. "பரவாயில்லை. போய் நல்லா உழையும்."

சம்பளம் போனதை மறைக்க மூன்றாவது செயலி.

சனிக்கிழமை வீட்டுக்குத் திரும்பியவன் வாசல் படலையிலேயே திகைத்து நின்றான். முற்றத்தில் பந்தல். இறைச்சிக்கறி வாசம். கதிரையில் புதுச் சூட்கேஸ், புது நீளக்காற்சட்டை. மாமியார் அரை ஊரையே அழைத்திருந்தார்.

"இதென்ன கூத்து? எங்கால இவ்வளவு காசு?"

"போற மனுசனுக்கு ஏன் உந்தக் கதை?" என்றாள் பிரஷாந்தினி. "சாப்பிட வாங்கோ."

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தான்.

"பிரஷா, நான் ஒண்டு சொல்லவேணும்…"

படலையில் ஸ்கூட்டர் ஒன்று வந்து நின்றது. தலைக்கவசம், தோளில் பை, கையில் தவணை அட்டை. கடன் வசூலிக்கும் பெண் என்று பார்த்ததுமே தெரிந்தது. சுகிர்தன் செருப்பும் இல்லாமல் ஓடினான்.

"தங்கச்சி, சத்தம் போடாதேங்கோ. சனம் நிக்குது. நாளைக்குக் கட்டிறன்."

அவள் விளங்காமல் பார்த்தாள்.

"நீங்கள் ஆர்?"

"சுகிர்தன்."

"ஓ, கட்டார் போற அண்ணையோ!" அவள் வாய் நிறையச் சிரித்தாள். "உங்கட கட்டார்ச் சம்பளத்தைச் சொல்லித்தானே பிரஷாந்தினி அக்கா எங்களிட்ட மூண்டு லட்சம் கடன் எடுத்தவா!"