புளிப்பு மாவு வாங்கப் போன அக்காவுக்கு

வேலிக்கு அந்தப் பக்கம், உக்ரைன் நாட்டில், மூன்றாவது வீட்டில் இருக்கும் மதிப்பிற்குரிய அக்கா பிரோஷ்காவுக்கு, வேலிக்கு இந்தப் பக்கம் ஸ்லோவாக்கியா நாட்டில் இருக்கும் தம்பி பாலிந்த் சொல்லச் சொல்ல, தபால்காரி எதித் எழுதுவது. நான் நலம். நீ நலமா என்று கேட்கவில்லை. காலையில் உன் புகைபோக்கியில் புகை வந்ததைப் பார்த்துவிட்டேன்.

நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருநூறு அடி. இந்தக் கடிதம் இரண்டு தலைநகரங்களைச் சுற்றிவிட்டு உன் கைக்கு வரப் பதினோரு நாளாகுமாம். முன்பு இந்தத் தொல்லை இல்லை. வேலிக்கு அப்பால் பேசினால் சிப்பாய் துப்பாக்கியைத் தூக்குவான், பாடினால் விட்டுவிடுவான். அப்பா செத்ததை நான் மாட்டைக் கூப்பிடுகிற மெட்டில் பாடினேன். நீ உருளைக்கிழங்குக்குக் களை கொத்திக்கொண்டே பாட்டிலேயே அழுதாய். இப்போது பேசலாம், ஆனால் உனக்குக் காது போய்விட்டது. போன வாரம் விசா, சுங்க விதிகளை அதே மெட்டில் பாடிப் பார்த்தேன். "இறைச்சி கூடாது, பாலாடைக்கட்டி கூடாது, தேன் மூணு கிலோ" என்று இழுத்தபோது எல்லைக் காவலர் "ரெண்டு கிலோதான் தாத்தா!" என்று எடுத்துக்கொடுத்தார். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதனால்தான் எழுத்து. நீ இங்கே வர விசா கேட்பதற்கான அழைப்புக் கடிதத்தில் முத்திரை வாங்க நகரத்துக்குப் பஸ் ஏறினேன். அலுவலகச் சன்னலுக்குப் பின்னால் ஒரு அம்மாள்.

"வர்றவங்க எதுக்கு வர்றாங்க பெரியவரே?"

"புளிப்பு மாவு கொண்டுவர."

பொய்யா சொன்னேன்? ரொட்டிக்குப் புளிப்பு மாவு வாங்கிவா என்று அம்மா உன்னைச் சித்தி வீட்டுக்கு அனுப்பியது நாற்பத்தாறாம் வருஷம். நீ திரும்புவதற்குள் ஊருக்கு நடுவே எல்லை என்று முள்வேலி வந்துவிட்டது. நடுவில் இரண்டே தடவை அனுமதி தந்தார்கள், அம்மா சாவுக்கும் என் பெண்டாட்டி மர்கித் சாவுக்கும். இரண்டு தடவையும் மலர்வளையத்தோடு வந்தாய், மாவை மறந்துவிட்டாய்.

"மாவுல பால் சேர்ந்திருக்கா? பால்னா சுங்கத்துல விடமாட்டாங்க."

"அத எங்கம்மாவத்தான் கேக்கணும்."

"அவங்க எங்க?"

"கல்லறையில. இந்தப் பக்கந்தான், விசா வேணாம்."

அவள் சிரிக்கவில்லை. "சரி, திரும்பிப் போவாங்கன்னு என்ன அத்தாட்சி? வேலை, குடும்பம்?"

"பசு இருக்கு. சாயங்காலம் கறக்கலேன்னா ஊரையே கூட்டிரும்."

"பசுவுக்குச் சான்று இருக்கா?"

ஆகவே அக்கா, கவனமாகக் கேள். பசு உன்னுடையதுதான் என்று கால்நடை மருத்துவரிடம் முத்திரையோடு எழுதி வாங்கு. மருத்துவக் காப்பீடு எடு. விசா சன்னலில் "வீட்டுக்குப் போறேன்" என்று உளறாதே, "வெளிநாடு போறேன்" என்று சொல். தொண்ணூறு நாளுக்கு மேல் ஒரு மணி நேரம்கூட இருக்கமாட்டேன் என்று சத்தியம் செய். கறாராகச் சொல்கிறேன், விதி விதிதான்.

அவசரம் ஏன் என்றால், பிப்ரவரியில் ஒரு காலை உன் புகைபோக்கியில் புகை இல்லை. வேலியோரம் போய் நின்றேன். "பின்னால போங்க தாத்தா" என்றார் காவலர். "எங்கக்கா வீட்ல அடுப்பு எரியல" என்றேன். அவரும் நின்று பார்த்தார். பத்தரைக்குப் புகை வந்தது. தூங்கிவிட்டாயாக்கும். வீட்டுக்கு வந்தேன், சொல்ல ஆளில்லை, வானொலியிடம் சொன்னேன். அது கோதுமை விலை சொல்லிக்கொண்டிருந்தது. என் புகைபோக்கியை யாராவது பார்க்கிறார்களா என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். உனக்குக் கண்ணாவது தெரிகிறதா?

கடவுள் உன் முழங்காலையும் பசுவின் மடியையும் காக்கட்டும். எதித்தும் உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொல்கிறாள்.

தம்பி பாலிந்த்
(கைநாட்டு)

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போதுதான் எதித் தன் பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்தாள். அது உன் வீட்டை விட்டுக் கிளம்பிப் பதினோரு நாளாகிறது. "நான் அங்க வந்தப்புறம் இதை யார் கறப்பா" என்று பசுவை விற்றுவிட்டாயாமே! அப்படியானால் நீ திரும்பிப் போவதற்கு எந்த அத்தாட்சியும் இல்லை. மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. பசு இருக்கிறது என்றே சொல்லிவிட்டு வா. நீ படுக்க அம்மா கட்டில் மெத்தைக்குப் புது வைக்கோல் போட்டுவிட்டேன். நீ வந்த பிறகு பசு எங்கே என்று யாராவது உன் வீட்டுப் பக்கம் தேடி வந்தால், சாயங்காலம் இங்கிருந்து பசு மாதிரி நான் கத்துகிறேன்.